பேட்டர்னில் சொன்ன நூல் கிடைக்காதபோது: மாற்று நூல் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஸ்வெட்டர் பின்னும் முறையைச் சொல்லும் ஒரு பேட்டர்ன் பிடித்துப்போய் வாங்கியாகிவிட்டது. அதில் எழுதியிருக்கும் நூலைத் தேடினால், தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அல்லது விலை கட்டுப்படியாகவில்லை. அல்லது கம்பளி பட்டாலே உங்களுக்கு அரிக்கிறது. பின்னல் பழகுகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இது. நிறைய நூலைப் பிரித்துப் பிரித்துப் பின்னியபிறகுதான் எனக்கு இதில் ஓர் ஒழுங்கு பிடிபட்டது. அதை வரிசையாகத் தருகிறேன். ஸ்வெட்டரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன், நூல் மாறினால் அதிகம் அடிபடுவது அதுதான். சால்வை, காலுறை, பொம்மை எல்லாம் அங்கங்கே வரும்.

"இதுவும் அதே தடிமன்தான், தாராளமாக வாங்கலாம்" என்று யாராவது சொன்னால், அது பாதி பதில். தடிமன் ஒத்துப்போனால் அளவு சரியாக வரலாம். துணி எப்படி விழும், இழுத்துவிட்டால் திரும்புமா, துவைத்தபின் எவ்வளவு நீளும் என்பதெல்லாம் தனிக் கணக்கு.

1. பேட்டர்னிலிருந்து விவரங்களை எடுத்து எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- அசல் நூலின் பெயர், அதில் என்னென்ன இழை எத்தனை சதவீதம்
- ஓர் உருண்டையின் எடை, ஓர் உருண்டையில் எத்தனை மீட்டர்
- உங்கள் அளவுக்கு எத்தனை உருண்டை
- கேஜ் (பின்னலின் அடர்த்தி): 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிட்ச் (கண்ணி), எத்தனை வரிசை, எந்தப் பின்னலில், எந்த ஊசியில்
- முடிந்த உடுப்பின் அளவுகள்

மீட்டர் கணக்கைப் பல பேட்டர்ன்கள் சொல்வதில்லை, "9 உருண்டை" என்று மட்டும் இருக்கும். பழைய பேட்டர்ன்களில் இது இன்னும் மோசம். அப்போது அசல் நூலின் பெயரை ரேவல்ரி தளத்தில் தேடுங்கள். தயாரிப்பு நின்றுபோன நூல்களுக்கும் அங்கே எடை, மீட்டர், இழை, கேஜ் எல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதே பேட்டர்னை மற்றவர்கள் எந்தெந்த நூலில் பின்னினார்கள் என்று படங்களோடு பார்க்கவும் முடியும். யார்ன்சப் என்ற தளத்தில் நூலின் பெயரைக் கொடுத்தால், மாற்று நூல்களை எவ்வளவு பொருந்தும் என்ற மதிப்போடு வரிசைப்படுத்திக் காட்டும். இரண்டையும் தொடக்கப் பட்டியல் எடுக்கப் பயன்படுத்துங்கள். முடிவை அவற்றிடம் விடவேண்டாம்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அளவு முறை. யார்டில் இருந்தால் 0.9144ஆல் பெருக்கினால் மீட்டர் வரும். அவுன்ஸில் இருந்தால் 28.35ஆல் பெருக்கினால் கிராம் வரும். இன்னொன்று, ஊசி எண். வெறும் "8ஆம் எண் ஊசி" என்று இருந்தால் அது எந்த ஊர் பேட்டர்ன் என்று பாருங்கள். அமெரிக்க எண்ணில் 8 என்பது 5 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் எண்ணில் 8 என்பது 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும், பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட மெலியும். எப்போதும் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

2. இந்தத் துணியிடம் என்ன வேலை வாங்கப் போகிறோம் என்று பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கோ மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். பேட்டர்ன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்வெட்டர் உடம்பிலிருந்து விலகி விறைப்பாக நிற்கிறதா, துவண்டு விழுகிறதா? மணிக்கட்டிலும் இடுப்பிலும் ரிப் (வரிவரியாக இழுபடும் ஓரப் பின்னல்) இறுக்கிப் பிடிக்கிறதா? கேபிள் (முறுக்கிய கயிறுபோன்ற பின்னல்) புடைத்துத் தெரிகிறதா? மேலே மெல்லிய ரோமப் புகை மாதிரி இருக்கிறதா?

கேபிளும் ரிப்பும் நிறைந்த ஸ்வெட்டருக்கு, இழுத்தால் திரும்பி வருகிற நூல் வேண்டும். துவண்டு விழுகிற மேலாடைக்கு வழுவழுப்பும் கனமும் வேண்டும். இரண்டு மூன்று நிறம் கோத்துப் பின்னும் வேலைக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்கிற, சற்றே சொரசொரப்பான கம்பளி நூல்தான் வசதி. வழுக்குகிற நூலில் ஸ்டிட்சுகள் பெரிதும் சிறிதுமாகத் தெரியும். காலுறை என்றால் தேய்மானம் தாங்கவேண்டும், அதனால்தான் காலுறை நூல்களில் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் என்ற கலவையை அடிக்கடி பார்க்கிறோம். துவைத்துச் சுருக்கி அடர்த்தியாக்கும் ஃபெல்டிங் பை, செருப்பு மாதிரியானவற்றுக்குச் சூப்பர்வாஷ் (இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்துவது) செய்யாத கம்பளி மட்டுமே ஆகும். அக்ரிலிக்கை எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் அது ஃபெல்ட் ஆகாது. பச்சைக்குழந்தைக்கு என்றால் ரோமம் உதிரும் மொஹேரை (அங்கோரா ஆட்டின் ரோம நூல்) ஒதுக்கிவிட்டு, இயந்திரத்தில் துவைக்கத் தாங்கும் நூலாகப் பாருங்கள்.

ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள்: "விறைப்பான, இழுபடும் துணி, கேபிள் தெரியவேண்டும்" என்பது போல. கடையில் நிறத்தைப் பார்த்து மனம் மயங்கும்போது இந்த வாக்கியம் கைகொடுக்கும்.

3. தடிமனைப் பெயரால் பார்க்காமல் மீட்டரால் பாருங்கள்

டிகே, வொர்ஸ்டட், ஆரன், 4 பிளை, 8 பிளை என்று ஊருக்கு ஒரு பெயர். 8 பிளை என்றால் உள்ளே எட்டுப் புரி இருக்கும் என்று நினைக்கவேண்டாம். அது தடிமனுக்கான பெயர் மட்டுமே. ஒரு நிறுவனம் டிகே என்று விற்பதை இன்னொரு நிறுவனம் லைட் வொர்ஸ்டட் என்று விற்கும்.

நம்பகமான கணக்கு, 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பது. கம்பளி நூலுக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- ஃபிங்கரிங், 4 பிளை: சுமார் 400 மீட்டர், 10 செ.மீ.க்கு 27 முதல் 32 ஸ்டிட்ச்
- ஸ்போர்ட்: 300 முதல் 330 மீட்டர், 23 முதல் 26 ஸ்டிட்ச்
- டிகே, 8 பிளை: 220 முதல் 250 மீட்டர், 21 முதல் 24 ஸ்டிட்ச்
- வொர்ஸ்டட், ஆரன்: 160 முதல் 200 மீட்டர், 16 முதல் 20 ஸ்டிட்ச்
- பல்க்கி: 100 முதல் 130 மீட்டர், 12 முதல் 15 ஸ்டிட்ச்

அசல் நூல் 50 கிராமுக்கு 120 மீட்டர் என்றால், 100 கிராமுக்கு 240. மாற்று நூலும் கம்பளியாக இருந்து 230, 250 என்று வந்தால் நல்ல அறிகுறி. 200 என்றால் சந்தேகப்படுங்கள். 180 என்றால் அது வேறு நூல்.

இழை மாறினால் இந்தக் கணக்கைச் சற்று வளைக்கவேண்டும். பருத்தி கம்பளியைவிடக் கனமான இழை. ஒரே தடிமனில் இருந்தாலும் பருத்தி நூலில் 100 கிராமுக்கு 10 முதல் 15 சதவீதம் மீட்டர் குறைவாக இருக்கும். லினன், மூங்கில், விஸ்கோஸ் ஆகியவையும் அப்படியே. அக்ரிலிக் லேசானது, அதில் மீட்டர் கொஞ்சம் கூடும். காற்றோட்டமாகத் திரித்த வுல்லன்-ஸ்பன் கம்பளி, உள்ளே கூடாகக் குழாய்போல் பின்னிய நூல் ஆகியவையும் பார்க்கத் தடிமனாக, எடையில் இறகாக இருக்கும். இவற்றுக்கு மீட்டர் கணக்கு ஏமாற்றும். லேபிளில் உள்ள கேஜையும் சேர்த்துப் பாருங்கள்.

லேபிளே இல்லாத நூல் வீட்டில் கிடந்தால், 20 மீட்டர் அளந்து நறுக்கி, ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசில் நிறுங்கள். 20 மீட்டர் 8.5 கிராம் என்றால் 100 கிராமுக்குச் சுமார் 235 மீட்டர், அதாவது டிகே. இழை என்னவென்று தெரியவில்லை என்றால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு தயங்கி எரிந்து அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரியும். அக்ரிலிக் உருகிக் கட்டியான மணியாகும். கலவை நூலில் இந்தச் சோதனை குழப்பும்.

கையில் அசல் நூலின் துண்டு ஏதாவது இருந்தால் இன்னோர் எளிய வழி இருக்கிறது. இரண்டு நூல்களையும் மடித்து, ஒன்றின் வளைவில் மற்றொன்றைக் கோத்து, இருபக்கமும் முறுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கோத்த இடத்தின் மேல் விரலை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எங்கே நூல் மாறுகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை என்றால் தடிமன் ஒன்றேதான். கண்ணைவிட விரல் இதில் கெட்டி.

4. இழையின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் உண்டு. அந்தச் சுருள்தான் ரிப்பைச் சுருக்கிப் பிடிக்கிறது, சின்னச் சின்னத் தவறுகளை மறைக்கிறது. சூப்பர்வாஷ் கம்பளியில் இழையின் மேலுள்ள செதில்களை மழுக்கியோ பூச்சுக் கொடுத்து மூடியோ விட்டிருப்பார்கள். இயந்திரத்தில் துவைக்கலாம், மென்மையாகவும் இருக்கும். ஆனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது குறைவதால், முதல் முறை நனைத்ததும் துணி பயமுறுத்துகிற அளவுக்கு நீளும். சாதாரணக் கம்பளிக்கு எழுதிய பேட்டர்னைச் சூப்பர்வாஷில் பின்னுகிறீர்கள் என்றால், துவைத்த மாதிரித் துண்டு இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

அல்பாக்கா (தென் அமெரிக்க விலங்கு ஒன்றின் ரோமம்) கம்பளியைவிடச் சூடு, அதைவிட வழுவழுப்பு, சுருள் குறைவு. முழு அல்பாக்காவில் கனமான ஸ்வெட்டர் பின்னினால் போட்டுக்கொள்ளப் போட்டுக்கொள்ள முழங்காலை நோக்கி இறங்கும். கம்பளி கலந்த அல்பாக்கா அந்த அளவுக்கு மோசமில்லை. பட்டு பளபளக்கும், நன்றாக விழும், ஆனால் அதுவும் தொய்யும். விஸ்கோஸ், மூங்கில் நூல்கள் வழுக்கும், ஈரத்தில் பலம் குறையும், அதனால் நனைந்த உடுப்பைத் தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காயவைக்கவேண்டும். லினன் பின்னும்போது கம்பிபோல் விறைத்திருக்கும், துவைக்கத் துவைக்க இளகும்.

அக்ரிலிக்கைப் பலர் இளக்காரமாகப் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். குழந்தை உடுப்புக்கும் தினம் துவைக்கிற போர்வைக்கும் அது நல்ல நூல். ஒன்றே ஒன்று: இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். அதிகச் சூட்டில் அது நிரந்தரமாகத் தளர்ந்து துவண்டுபோகும். கம்பளியை ஈரமாக்கி ஊசி குத்தி இழுத்துக் காயவைத்தால் லேஸ் (ஓட்டை ஓட்டையான பின்னல்) விரிந்து அப்படியே நிற்கும்; அக்ரிலிக் அப்படி நிற்காது. அதனால் லேஸ் சால்வைக்கு அதைத் தவிர்க்கலாம்.

இனி, அதிகம் பேர் கேட்கிற மாற்றம்: கம்பளிக்குப் பதிலாகப் பருத்தி. பருத்தியில் இழுபடும் குணம் கிடையாது. ரிப் முதல் நாள் இறுக்கமாக இருந்து மூன்றாம் நாள் வாய் பிளக்கும். உடுப்பும் கனக்கும், தன் எடையாலேயே நீளும். வேறு வழியே இல்லை, கம்பளி ஒத்துக்கொள்ளாது என்றால் இப்படிச் செய்யுங்கள்: முழுப் பருத்திக்குப் பதில் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், அல்லது கொஞ்சம் எலாஸ்டேன் கலந்த நூலை எடுங்கள். ரிப்பை உடம்புப் பகுதிக்குப் பயன்படுத்துவதைவிட இரண்டு அளவு சிறிய ஊசியில் பின்னுங்கள். துண்டு துண்டாகப் பின்னித் தைத்துச் சேர்க்கும் பேட்டர்னாகப் பாருங்கள், தோளிலும் பக்கத்திலும் வரும் தையல்தான் பருத்தியின் எடையைத் தாங்கும். வட்டமாகத் தையலே இல்லாமல் இறங்கும் பேட்டர்ன் பருத்திக்கு நல்லதல்ல. நீளத்தையும் நினைத்ததைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக முடியுங்கள், மீதியை அதுவே நீட்டிக்கொள்ளும்.

5. புரியும் முறுக்கும்

நூலின் முனையை விரலால் பிரித்து எண்ணுங்கள். ஒற்றைப்புரி நூல் மென்மை, அழகு, ஆனால் அக்குளிலும் கைமுட்டியிலும் சீக்கிரம் பஞ்சு பஞ்சாகத் திரளும். இருபுரி நூலில் புரிகள் இருபுறமும் விலகி நிற்பதால் லேஸின் ஓட்டைகள் நன்றாகத் திறக்கும். முப்புரியும் அதற்கு மேலும் உள்ள நூல் உருண்டு திரண்டு இருக்கும், கேபிள் புடைக்க வேண்டுமென்றால் இதுதான் வேண்டும். முறுக்கு அதிகமாக ஆக நூல் தேயாமல் உழைக்கும், மென்மை குறையும். கடையில் கன்னத்தில் வைத்துப் பார்த்து "ஆகா, எவ்வளவு மெத்து" என்று வாங்குகிற நூல் பெரும்பாலும் முறுக்குக் குறைந்ததுதான்.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பிலும் கருநீலத்திலும் கேபிள் தெரியாது, பின்னும்போது ஸ்டிட்சே தெரியாது. பல நிறம் கலந்த நூலில் லேஸ் காணாமல் போகும். நிறம் கோக்கும் வேலைக்கு இரண்டு நூலையும் அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோலம் எடுபடாது.

6. இரண்டு இழை சேர்த்துப் பின்னலாமா?

செய்யலாம். இரண்டு மெல்லிய நூலைச் சேர்த்துப் பிடித்தால் தடிமனான நூல் கிடைக்கும். ஒரே நூல் இரண்டு இழை என்றால் மீட்டரைப் பாதியாக்குங்கள்: 400 மீட்டர் ஃபிங்கரிங் இரண்டு இழை சேர்ந்தால் 200, அதாவது வொர்ஸ்டட் பக்கம். ஃபிங்கரிங்கோடு மெல்லிய மொஹேர்-பட்டு நூலைச் சேர்த்தால் பொதுவாக டிகே இடத்தில் உட்காரும். செலவைக் கணக்குப் போடும்போது மட்டும் கவனம்: பேட்டர்னுக்கு 1000 மீட்டர் வேண்டுமென்றால், உங்களுக்கு ஒவ்வொரு நூலிலும் 1000 மீட்டர் வேண்டும்.

மொஹேர் சேர்த்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. முதல் ஸ்வெட்டருக்கு வேண்டாம்.

7. ஒரே ஓர் உருண்டை வாங்கி, மாதிரித் துண்டு பின்னுங்கள்

முழுவதையும் வாங்கிவிட்டு மாதிரி பின்னுவது தலைகீழ். முதலில் ஓர் உருண்டை மட்டும் வாங்குங்கள். அதே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயமிட்டது) மீதியை எடுத்து வைக்க முடியுமா, எத்தனை நாள் வைப்பார்கள், பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

10 செ.மீ. அளக்க 10 செ.மீ. துண்டு போதாது. ஓரங்கள் சுருண்டு இழுக்கும். 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் வருகிற அளவுக்குப் பின்னி, நடுவில் அளங்கள். பேட்டர்ன் வட்டமாகப் பின்னுவது என்றால் மாதிரியும் வட்டமாக வேண்டும். பலருக்குப் பர்ல் வரிசை (தட்டையாகப் பின்னும்போது பின்பக்கத்தில் பின்னுவது) தளர்வாக வரும் என்பதால் தட்டையாகப் பின்னிய மாதிரி வேறு எண்ணிக்கை காட்டும். கேஜ் கேபிள் பின்னலில் கொடுத்திருந்தால் கேபிளிலேயே பின்னுங்கள்.

முடித்ததும் அளந்து எழுதுங்கள். பிறகு, உடுப்பை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவையுங்கள். இயந்திரத்தில் போடுவீர்கள் என்றால் மாதிரியும் இயந்திரத்தில்தான். கையால் என்றால் அரைமணி நேரம் ஊறவிட்டு, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகக் காயவையுங்கள். நன்றாகக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். பருத்திக்கு இன்னும் கூட ஆகலாம். ஈரமாக இருக்கும்போது அளந்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தபின் மறுபடி அளங்கள். துவைக்கும் முன் 22, துவைத்தபின் 20 என்றால் உங்கள் கேஜ் 20தான்.

கனமான நூலுக்கு இன்னொன்று செய்வேன். காய்ந்த துண்டை மேல் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் நான்கைந்து கிளிப்புகளை வரிசையாக மாட்டி ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் நீளத்தை அளந்தால், ஸ்வெட்டர் போட்டபின் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும். சாயம் போகுமா என்ற சந்தேகமிருந்தால், ஊறும் தண்ணீரில் ஒரு வெள்ளை நூல் துண்டையும் போட்டுவையுங்கள்.

அப்புறம் துண்டைக் கையில் எடுத்துக் கசக்கி, இழுத்து, கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். இரண்டாம் படியில் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். அதோடு இந்தத் துணி பொருந்துகிறதா? எண்ணிக்கை சரியாக வந்து துணி அட்டைபோல் இருந்தால் அந்த நூல் அந்த வேலைக்கு ஆகாது. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: கேஜைப் பிடிக்க ஊசியை மாற்றிக்கொண்டே போய், எண்ணை வரவழைத்துவிட்டு, துணியைக் கோட்டை விடுவார்கள். லேபிளில் சொன்ன ஊசியிலிருந்து ஒன்றிரண்டு அளவு கூட்டிக் குறைத்தும் வரவில்லை என்றால் நூலை மாற்றுங்கள்.

8. கேஜ் கொஞ்சம் மாறினால்

ஒரு ஸ்டிட்ச்தானே என்று விடக்கூடாது. பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 22 ஸ்டிட்ச், மார்புச் சுற்றுக்கு 220 ஸ்டிட்ச் என்றால் 100 செ.மீ. உங்களுக்கு 21 வந்தால் அதே 220 ஸ்டிட்ச் 104.8 செ.மீ. 20 வந்தால் 110 செ.மீ. அரை ஸ்டிட்சையும் எண்ணுங்கள்.

துணி பிடித்திருக்கிறது, எண் மட்டும் வரவில்லை என்றால் நூலை விடவேண்டியதில்லை. வேறு அளவைப் பின்னலாம். உங்கள் கேஜ் 20, வேண்டியது 100 செ.மீ. என்றால் 200 ஸ்டிட்ச் தேவை. பேட்டர்னில் எந்த அளவுக்கு ஏறக்குறைய 200 ஸ்டிட்ச் என்று பாருங்கள். அந்த 22 கேஜில் அது 91 செ.மீ. அளவாக இருக்கும். ஸ்டிட்ச் எண்ணிக்கைக்கு அந்த அளவைப் பின்பற்றுங்கள், நீளங்களுக்கு உங்கள் சொந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேஜ், "35 செ.மீ. வரை பின்னவும்" என்று சொல்கிற இடங்களில் தொந்தரவு செய்யாது. வரிசை எண்ணிச் செய்கிற ராக்லான் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இணையும் கை), வட்ட யோக் (தோளைச் சுற்றி வட்டமாகப் பின்னும் மேல்பகுதி) ஆகியவற்றில் செய்யும். பேட்டர்னில் 30 வரிசைக்கு 10 செ.மீ., யோக் 60 வரிசை என்றால் 20 செ.மீ. உங்களுக்கு 27 வரிசைதான் 10 செ.மீ. என்றால் அதே யோக் 22 செ.மீ.க்கு இறங்கும், அக்குள் தொங்கும். ஆறு வரிசையைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவையுங்கள்.

சால்வைக்குக் கேஜ் அவ்வளவு கறாராக வேண்டாம். ஆனால் தளர்வாகப் பின்னினால் நூல் அதிகம் குடிக்கும், கடைசி ஓரம் முடியும் முன் தீர்ந்துபோகும்.

9. எத்தனை உருண்டை, எவ்வளவு செலவு

உருண்டை எண்ணிக்கையாலும் எடையாலும் கணக்குப் போடாதீர்கள். மொத்த மீட்டர்தான் கணக்கு.

பேட்டர்ன்: 9 உருண்டை, ஒவ்வொன்றும் 50 கிராம், 120 மீட்டர். மொத்தம் 1080 மீட்டர். நீங்கள் எடுத்த பருத்திக் கலவை 50 கிராமுக்கு 105 மீட்டர். 1080ஐ 105ஆல் வகுத்தால் 10.29, ஆக 11 உருண்டை. எடை ஒன்றுதானே என்று 9 வாங்கியிருந்தால் 945 மீட்டர்தான் இருக்கும். குறையும் 135 மீட்டரில் ஒரு கையின் பெரும்பகுதி போய்விடும்.

இதற்குமேல் ஓர் உருண்டை கூடுதலாக வாங்குங்கள். நீளம் கூட்டப் போகிறீர்கள், கேபிள் அதிகம், அல்லது உங்கள் கேஜ் பேட்டர்னைவிட இறுக்கம் என்றால் இரண்டு.

விலையை ஒப்பிட, உருண்டையின் விலையை அதன் மீட்டரால் வகுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். 120 மீட்டர் உருண்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 230 மீட்டர் சிட்டம் (உருண்டையாக்காத நூல் கட்டு) 180. மீட்டருக்குப் பார்த்தால் சிட்டம் மலிவு. 1080 மீட்டருக்கு உருண்டை 9, விலை 900. சிட்டம் 5, விலை 900. இரண்டும் ஒன்றுதான்! கூடுதலாக ஒன்று சேர்த்தால் 1000, 1080 என்று மலிவான நூல் விலை கூடிவிடுகிறது. பெரிய சிட்டங்களில் முழு எண்ணாக்கும்போது மிச்சம் அதிகம் விழும். வாங்கும் முன் கடைசித் தொகையை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

10. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குங்கள்

லேபிளில் நிறத்தின் எண்ணும் சாயத் தொகுதியின் எண்ணும் தனித்தனியாக இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து தொகுதி எண் மாறினால், விளக்கு வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம் வெயிலில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடாகத் தெரியும். பில் போடும் முன் ஒவ்வொரு லேபிளையும் திருப்பிப் பாருங்கள். தபாலில் வாங்கினால் ஒரே தொகுதியிலிருந்து அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள், வந்ததும் பிரிக்கும் முன் சரிபாருங்கள்.

கையால் சாயமிட்ட நூலில் ஒரே தொகுதிக்குள்ளேயே சிட்டத்துக்குச் சிட்டம் மாறும். இரண்டு சிட்டங்களை எடுத்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும். வேறு வழியில்லாமல் இரண்டு தொகுதி கையில் வந்தாலும் இதையே செய்யலாம். அல்லது ஒரு தொகுதியை ரிப்புக்கும் கழுத்துப் பட்டிக்கும் மட்டும் ஒதுக்குங்கள். அங்கே பின்னல் மாறுவதால் நிற வேறுபாடு கண்ணில் படாது.

ஒரு லேபிளையாவது மாதிரித் துண்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். துவைக்கும் குறிப்பும் தொகுதி எண்ணும் பின்னால் வேண்டியிருக்கும். பில்லையும் அதோடு வையுங்கள். திருப்பிக் கொடுக்கக் கெடு இருந்தால் அந்தத் தேதியை மேலே எழுதிவிடுங்கள்.

11. பின்ன ஆரம்பித்தபின் இரண்டு சோதனை

பத்து செ.மீ. உயரம் வந்ததும் கேஜை மறுபடி அளங்கள். மாதிரித் துண்டில் கவனமாகப் பின்னிய கை, ஸ்வெட்டரில் நான்கு நாள் கழித்துத் தளர்ந்திருக்கும்.

பின்பாகம் முடிந்ததும் அதைத் தராசில் வையுங்கள். முன்பாகத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவே பிடிக்கும். 100 கிராமுக்கு 210 மீட்டர் நூலில் பின்பாகம் 150 கிராம் என்றால் 315 மீட்டர் போயிருக்கிறது. இரண்டையும் கழித்தபின் கைகளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். பற்றாக்குறை தெரிந்தால் இப்போதே கடையில் அதே தொகுதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உடம்பை நிறுத்திவைத்து, முதலில் இரண்டு கைகளையும் முடியுங்கள். கை இரண்டும் ஒரே நீளத்தில் வந்தாக வேண்டும். உடம்பின் நீளத்தை மிச்சமிருக்கும் நூலுக்கு ஏற்ப இரண்டு செ.மீ. முன்னால் முடித்துக்கொள்ளலாம்.